முன் கண்ணாடியில் இருக்கும் கேமராவைப் பதிவுசெய்ய விடுங்கள்: கார் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், எதை வண்டியோடு தருவது, எதைத் தனியாக விற்பது என்று முடிவெடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

புதிதாகக் கார் எடுப்பவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்கிற கேள்விகளில் ஒன்று, டேஷ்கேம், அதாவது வண்டி ஓடும்போது சாலையை வீடியோவாகப் பதிவுசெய்யும் கேமரா, மாட்டுவது பிரயோஜனமா என்பது. பிரயோஜனம்தான் என்றே நான் சொல்லி வருகிறேன். சொன்ன கையோடு, எந்த மெமரி கார்டு போட வேண்டும், வெயிலில் எது தாங்கும், ஒயரை எங்கிருந்து இழுக்கலாம் என்றெல்லாம் விளக்கவும் வேண்டியிருக்கிறது. இந்த விளக்கத்துக்குத் தேவையே இல்லாமல் செய்வது உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் அண்ணன் ஒருமுறை சிக்னலில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் நின்ற வண்டி பின்னோக்கி உருண்டு வந்து இவர் வண்டியில் மோதியது. அந்த ஓட்டுநரோ, இவர்தான் பின்னால் வந்து இடித்தார் என்று எழுதிக் கொடுத்தார். ஒரு வண்டியின் பின்புறமும் இன்னொன்றின் முன்புறமும் நசுங்கியிருந்தால், பின்னால் இருந்தவர் இடைவெளி விடவில்லை என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத நேரத்தில், நடந்ததை நிரூபிக்கும் பாரம் முழுக்கப் பின்னால் இருந்தவர் தலையில் விழுகிறது. அண்ணனிடம் கேமரா இல்லை, சாட்சி சொல்லவும் யாரும் நிற்கவில்லை. பணம் போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தவறு அவருடையது என்று ஒரு கோப்பில் பதிவானதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பத்து நொடி வீடியோ இருந்திருந்தால் அந்தக் கோப்பு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இழப்பீட்டுக்காக வேண்டுமென்றே திடீர் பிரேக் போடுகிறவர்கள், சிவப்பு விளக்கில் பாய்ந்து வந்துவிட்டுப் பச்சை என்று சாதிக்கிறவர்கள், இடித்துவிட்டு நிற்காமல் போகிறவர்கள் என எல்லா இடத்திலும் கதை இதுதான். டேஷ்கேம் விபத்தைத் தடுக்காது. நடந்ததை நடந்தபடி காட்டும், அவ்வளவுதான். தவறு கேமராவுக்குச் சொந்தக்காரருடையது என்றால் அதையும் காட்டிக்கொடுக்கும். அதைக் குறை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எதிரே வந்தவருக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் அல்லவா? 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்தபோது, சாலையில் போய்க்கொண்டிருந்த கார்களின் டேஷ்கேம்கள் அதைப் பிடித்தன. அது வந்த பாதையைக் கணிக்க விஞ்ஞானிகளுக்கு அந்த வீடியோக்கள் உதவின. யாரும் எதிர்பார்க்காததைப் பிடிக்க வேண்டுமானால் கேமரா எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

தனியாக வாங்கி மாட்டும் கேமராக்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 6.75 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு ஒன்பதரை மணி நேரத்துக்குள் நிறைந்து, பழையதை அழித்து மறுபடி எழுதத் தொடங்கும். இப்படி ஓயாமல் எழுதி அழிப்பதற்கென்று செய்யப்படாத சாதாரண கார்டு, சத்தமில்லாமல் செத்துப்போகும். திரையில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருக்கும், உள்ளே கோப்பு எதுவும் இருக்காது. அது விபத்துக்குப் பிறகுதான் தெரியவரும்.

அடுத்தது வெயில். மூடிய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். பல கேமராக்களுக்குள் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பேட்டரிக்குப் பதிலாக சூப்பர் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைக்கும் பாகம்) வைத்த கேமராக்கள் வெப்பத்தை ஓரளவு தாங்குகின்றன என்றாலும், வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு இந்த வேறுபாடு தெரியும்?

நம்பர் பிளேட் விஷயத்தில்தான் ஏமாற்றம் அதிகம். கிடைமட்டத்தில் 120 டிகிரி பார்க்கும் லென்ஸும் 1,920 பிக்சல் அகலமும் இருந்தால், ஒரு டிகிரிக்குச் சுமார் 16 பிக்சல் வரும். 20 மீட்டர் தள்ளி இருக்கும் அரை மீட்டர் அகலப் பிளேட்டுக்கு 23 பிக்சல்தான் கிடைக்கும். எட்டு எழுத்து என்றால் எழுத்துக்கு மூன்று பிக்சல்கூடத் தேறாது. 'ஃபுல் எச்டி' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கியவருக்கு, இடித்துவிட்டு ஓடிய வண்டியின் நிறம் மட்டுமே மிஞ்சும். எல்இடி சிக்னல்களும் சோதிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் விளக்கு துடிக்கும் வேகமும் கேமராவின் ஃப்ரேம் வேகமும் (நொடிக்கு எத்தனை படம் எடுக்கிறது என்பது) ஒத்துப்போய்விட்டால், எரியும் விளக்கு சில நொடிகள் அணைந்தது போலவே பதிவாகும். சிக்னல் என்ன நிறம் என்பதே வழக்கு என்றால், அந்தச் சில நொடிகள்தான் எல்லாமே.

நிறுத்திவைத்த வண்டியைக் கண்காணிக்க வேண்டுமானால் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்ததும் தானாக அணையும் அமைப்பு இல்லையென்றால் மறுநாள் வண்டி கிளம்பாது. முன் கண்ணாடியின் ஓரத்தில், பக்கவாட்டு ஏர்பேக்கை மறைக்கும் தூணுக்குள் ஒயரைத் திணிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ஏர்பேக் எங்கிருந்து எப்படி விரியும் என்று அறிந்தவர்கள் நீங்கள். ஒயர் மாட்டுகிற எல்லாருக்கும் அது தெரிந்திருக்காது.

இத்தனைக்கும் உங்கள் வண்டிகள் பலவற்றில் கேமரா ஏற்கெனவே இருக்கிறது! முன் கண்ணாடியின் உச்சியில், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள், சரியான கோணத்தில். தடக்கோட்டையும் நடந்து போகிறவரையும் பார்த்துத் தானாகப் பிரேக் போடுவதற்காக நீங்களே வைத்த கேமரா அது. தானியங்கி அவசர பிரேக் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். விபத்துக்கு முந்தைய 5 நொடிகளின் வேகம், பிரேக் போன்றவற்றைச் சேமிக்கும் கருவியும் அவ்வாறே கட்டாயம். அந்தக் கருவியிடம் இருப்பது எண்கள் மட்டும்தான். முன்னால் நின்ற வண்டி உருண்டு வந்ததா என்று அதைக் கேட்டால் பதில் கிடைக்காது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவோ, பார்த்ததைப் பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கணமே மறந்துவிடுகிறது.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. டெஸ்லா 2018இல் சாஃப்ட்வேர் அப்டேட் மூலமாகவே தன் கார்களின் கேமராவை டேஷ்கேம் ஆக்கி, யுஎஸ்பி டிரைவில் சேமிக்க வைத்தது. பிஎம்டபிள்யூவின் பதிவு வசதி, மோதலுக்கு முன் 20 நொடியும் பின் 20 நொடியும் எடுத்து வைக்கிறது. ஓட்டுநர் உதவிக்கான கேமரா கணினி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது, சிலவற்றில் நிறங்களே சரியாகத் தெரியாது என்று உங்கள் பொறியாளர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் யார் நகர்ந்தார், யார் நின்றார் என்பதற்கு மங்கிய நிறமே போதும். பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கணினிமேல் பதிவு வேலையின் சுமை ஏறக் கூடாது என்பது இதைவிட வலுவான வாதம், அதை அப்படியே ஏற்கிறேன். அதனால்தான் பழைய வண்டிகளுக்குக் கேட்காமல், இனி வடிவமைக்கப் போகும் வண்டிகளுக்கு, பதிவுக்கென்று தனிப் பாதையும் தனிச் சேமிப்பகமும் கேட்கிறேன்.

பதிவு யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுங்கள். டெஸ்லா வாடிக்கையாளர்களின் கார் கேமராக்கள் எடுத்த அந்தரங்கக் காட்சிகளை ஊழியர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டதாக, முன்னாள் ஊழியர்களை மேற்கோள் காட்டி 2023 ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அதைப் படித்த ஒருவர் வண்டிக்குள்ளேயே இருக்கும் கேமராவைச் சந்தேகித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. எனவே பதிவு வண்டிக்குள்ளேயே இருக்கட்டும், உரிமையாளர் எடுத்துக் கொடுத்தால் ஒழிய வெளியே போகக் கூடாது. மைக் முதலில் அணைந்தே இருக்கட்டும், உள்ளே உட்கார்ந்து பேசுகிறவர்கள் எதற்கும் சம்மதம் தரவில்லை.

சாலையில் நடப்பவர்களின் முகத்துக்கும் மதிப்பு உண்டு. ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2018 மே 15 அன்று தந்த தீர்ப்பில், காரணமின்றித் தொடர்ந்து படம் பிடித்துச் சேமிப்பது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது என்றது. அப்படியிருந்தும் விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. குறுகிய இடைவெளியில் அழித்து அழித்து எழுதிக்கொண்டு, மோதலோ கடுமையான பிரேக்கோ நேர்ந்தால் மட்டும் நிரந்தரமாகச் சேமிப்பது தொழில்நுட்ப ரீதியில் சாத்தியம் என்பதையும் அந்த நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. ஒரு வடிவமைப்பாளருக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் உங்களால் மட்டுமே செய்ய முடியும். எந்த வீடியோவையும் செயற்கை நுண்ணறிவால் புனைந்துவிடலாம் என்ற காலம் வந்துவிட்டது. மெமரி கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இது அசல்தானா என்ற கேள்விதான் முதலில் எழப்போகிறது. 2023இல் வந்த லைக்கா எம்11-பி கேமரா, படம் எடுக்கும்போதே அதில் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது; பிறகு யாராவது படத்தை மாற்றினால் அது காட்டிக்கொடுக்கும். காரும் தன் பதிவில் அப்படி ஒப்பமிடட்டும், நேரத்தைச் செயற்கைக்கோளிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். அதன் பிறகு, வெட்டி ஒட்டிய வீடியோ என்ற குற்றச்சாட்டு எளிதில் நிற்காது.

தயவுசெய்து இதை மாதச் சந்தாவாக மாற்றிவிடாதீர்கள். சீட் பெல்ட்டுக்குச் சந்தா கட்டச் சொல்வதில்லை.

இவ்வளவும் உடனே முடியாது என்றால், அடுத்த மாடலில் இதையாவது செய்யுங்கள்: ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒரு யுஎஸ்பி இணைப்பு. வண்டி நின்றிருக்கும்போதும் மின்சாரம் தர வேண்டும், பேட்டரி இறங்கத் தொடங்கினால் தானாக அணைய வேண்டும். ஏர்பேக் இருக்கும் தூணைப் பிரிக்காமல் எங்கள் கேமராவை நாங்களே மாட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
கார் ஓட்டும் ஒருவர்