மனநலப் பிரிவை மூடாதீர்கள்: சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொரோனா அலை எழும்பியதும் மனநலப் புறநோயாளர் பிரிவை மறுபடி மூடிவிட்டீர்கள். 'அவசரமில்லாத சேவை' என்று அறிவிப்பில் இருந்தது. படுக்கை போதவில்லை, மருத்துவர்களும் செவிலியர்களும் தூக்கமில்லாமல் உழைக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முடிவெடுத்த உங்களிடம்தான் பேசுகிறேன்.

எனக்கு இருமுனைக் கோளாறு, மனம் சில காலம் அளவுமீறி எழும்பும், சில காலம் அடியோடு சோர்ந்துவிடும். பல வருடமாக லித்தியம் சாப்பிடுகிறேன், அதனால்தான் வேலைக்குப் போக முடிகிறது, வீட்டில் நிம்மதி இருக்கிறது. ரத்தத்தில் இந்த மருந்து குறைந்தால் நோய் திரும்பும், கூடினால் விஷம்; பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரைதான் இருக்கலாம். அதற்குத்தான் ரத்தப் பரிசோதனை. காய்ச்சலில் உடம்பு நீர் வற்றினால் அளவு ஏறும், வலிக்கு இபுப்ரோஃபென் போட்டாலும் ஏறும். எனக்குக் கொரோனா வந்தபோது கை நடுங்கியது, வாந்தி, நடந்தால் தள்ளாட்டம். இது காய்ச்சலா லித்தியமா, இன்றைக்கு மாத்திரை போடலாமா வேண்டாமா என்று கேட்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. உதவி எண்ணில் பேசியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூச்சுப்பயிற்சி செய்யச் சொன்னார். அவருக்குக் கொடுத்திருந்த தாளில் அவ்வளவுதான் இருந்திருக்கும்.

பிரிவைத் திறந்து வையுங்கள். பழையபடி முழுதாக முடியாவிட்டால் ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு, போனில் பேச ஒரு மனநல மருத்துவர், இது மட்டுமாவது.

உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் விசாரித்து 2020 அக்டோபரில் வெளியிட்ட கணக்கில், 93 சதவீத நாடுகளில் முக்கியமான மனநல சேவைகள் தடைபட்டோ நின்றோ போயிருந்தன. முதல் தடவை யாருக்கும் தெரியவில்லை, சரி. தெரிந்த பிறகும் அதையே செய்தால் எப்படி? டயாலிசிஸ் நோயாளியைத் தொற்று அடங்கட்டும் என்று காத்திருக்கச் சொல்வீர்களா? கை கழுவச் சொல்லி எங்கும் விளம்பரம் வைத்தீர்கள், தேவைதான், ஆனால் ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய், உள்ளவர் தோல் உரியும் அளவுக்குக் கழுவிக்கொண்டு நிற்கிறாரே, அவர் எங்கே போவார்? 'மனதைத் தெம்பாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று எங்களிடம் சொல்லாதீர்கள், அதற்குத்தான் மருந்து கேட்கிறோம்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். அடுத்த உத்தரவில் அவசர சேவைப் பட்டியலில் மனநலப் பிரிவையும் தயவுசெய்து சேருங்கள். பரிசோதனைக்கு எந்த நாளில் எங்கே வரலாம் என்பதையும் அதிலேயே தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
லித்தியம் சாப்பிடும் ஒரு நோயாளி