எங்களுக்கும் கற்றுத்தந்த செவிலியர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆண்கள் வார்டு செவிலியர்களுக்கு,

வணக்கம். பக்கவாதத்தால் வலக் கையும் வலக் காலும் விழுந்து, பேச்சும் குழறிய நிலையில் என் தந்தையார் கடந்த ஆனி மாதம் உங்கள் வார்டில் 22 நாட்கள் படுத்திருந்தார். உயிரைக் காத்த மருத்துவர்களுக்கு வீடு திரும்பிய அன்றே கைகூப்பி நன்றி சொல்லிவிட்டோம். உங்களுக்குச் சொல்ல வேண்டியது அப்படிச் சுருக்கமாக முடியாது என்பதால், எல்லாரும் படிக்கும்படி இம்மடலை எழுதுகிறேன்.

நான்காம் நாள் காலை விரிப்பு மாற்ற வந்த மூத்த சிஸ்டர், அப்பாவை ஒருக்களிக்கச் செய்து, முதுகுத்தண்டின் அடியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்திருந்த இடத்தைக் காட்டினார். விரலால் அழுத்தி எடுத்தால் நல்ல தோல் ஒரு கணம் வெளுத்துப் பிறகுதான் சிவக்குமாம். அப்பாவுக்கு வெளுக்கவே இல்லை. "படுக்கைப்புண் இப்படித்தான் தொடங்கும், தம்பி" என்றார். தேங்காய் எண்ணெய் போட்டு உருவிவிடலாமா என்று என் அத்தை கேட்டபோது, சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே நைந்திருக்கும் சதை இன்னும் நைந்துபோகும் என்று பொறுமையாக விளக்கினார். நானாக வாங்கி வந்திருந்த காற்றடைத்த ரப்பர் வளையத்தையும், அதன் விளிம்பே சுற்றிலும் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

அன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம் என்று முறை வைத்துத் திருப்பினோம். முழுக்க ஒருக்களிக்காமல், முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்து முப்பது பாகை அளவு சாய்த்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் இறங்காது என்பதும், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் விட வேண்டும் என்பதும், மேலே நகர்த்தும்போது ஆளை இழுக்காமல் இருவராக விரிப்போடு தூக்க வேண்டும் என்பதும் நீங்கள் கற்றுத்தந்தவை. விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும் என்பதை அறியாமல் முதல் மூன்று நாள் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இன்னொரு தவற்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் இரவு அப்பாவைப் படுத்த நிலையிலேயே வைத்து மூக்குக் குழாயில் கஞ்சியை ஊற்றிவிட்டேன். அவர் இரும ஆரம்பித்ததும் ஓடிவந்த இளைய சிஸ்டர், ஊற்றுவதை நிறுத்தித் தலைப்பக்கத்தை உயர்த்தினாரே தவிர, நாலு பேர் முன்னால் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. மறுநாள் என்னையே செய்யச் சொல்லி அருகில் நின்றார்: மூக்கருகே குழாயில் போட்டிருந்த குறி நகராமல் இருக்கிறதா என்று பார்ப்பது, சிரிஞ்சால் சிறிது உறிஞ்சிக் குழாய் வயிற்றில்தான் இருக்கிறது என்று உறுதி செய்வது, கஞ்சியை அழுத்திச் செலுத்தாமல் தானாக இறங்கவிடுவது, முடிவில் தண்ணீர் ஊற்றிக் குழாயைக் கழுவுவது, ஒரு மணி நேரம் வரை தலையைத் தாழ்த்தாமல் இருப்பது. கஞ்சி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் என்று அவர் அப்போது சொன்ன பிறகுதான், முந்தைய இரவு நான் எங்கே நின்றிருந்தேன் என்பது புரிந்தது. குழாய் வழியே சிறுநீர் சேரும் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது என்பதையும், நோயாளியைத் தொடுமுன்னும் பின்னும் கை கழுவுவதையும் எத்தனை முறை நினைவூட்டினீர்களோ, கணக்கில்லை.

கூப்பிட்டவுடன் யாரும் வருவதில்லை என்று தொடக்கத்தில் முணுமுணுத்தவன் நான். இரவுப் பணியில் ஒருவரே எத்தனை படுக்கைகளுக்கு ஓடுகிறார் என்று எண்ணிப் பார்த்த பிறகு, அந்த முணுமுணுப்புக்காக வெட்கப்பட்டேன். அந்த ஓட்டத்துக்கு நடுவிலும் நின்று கற்றுக்கொடுத்தீர்கள். முகம் சுளிக்காமல் துணை நின்ற தூய்மைப் பணியாளர்களுக்கும், இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிப்பவருக்கும் எங்கள் நன்றி.

நீங்கள் எழுதிக் கொடுத்த நேர அட்டவணை எங்கள் வீட்டு நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அந்தச் சிவப்பு மறைந்துவிட்டது, குழாயையும் எடுத்துவிட்டார்கள். போன வாரம் இரவு இரண்டு மணிக்குத் திருப்பிவிட எழுந்தபோது, அப்பா இடக் கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தாமே பாதி திரும்பியிருந்தார்.

நன்றியுடன்,
14ஆம் படுக்கைக்காரரின் மகன்