முதல் திரையிலேயே முழு விலை: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கும் ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

இந்தக் கோடை விடுமுறையில் மதுரையிலிருந்து லடாக்கின் லே நகருக்குக் குடும்பத்தோடு சென்றுவர விமானச் சீட்டும் வாடகைக் காரும் பதிவு செய்ய முனைந்த ஒருவன் எழுதும் மடல் இது. பதிவுத் தளங்கள் விலையை எப்படித் துண்டு துண்டாக வெளிவிடுகின்றன என்பதைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2023 நவம்பர் 30 அன்று தாங்கள் வெளியிட்ட, நுகர்வோரை ஏமாற்றும் திரை உத்திகளான 'டார்க் பேட்டர்ன்ஸ்' குறித்த வழிகாட்டு நெறிமுறைகள் அந்தத் தந்திரங்களை 13 வகைகளாகப் பெயரிட்டுப் பட்டியலிட்டிருக்கின்றன. அவற்றில் சொட்டுச் சொட்டாக விலையேற்றும் 'டிரிப் பிரைசிங்'குக்குத் தாங்கள் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டே விமானச் சீட்டுப் பதிவுதான். காப்பீடு வேண்டாம் என்பவரைக் கூசச் செய்யும் வித்தைக்கும் விமானச் சீட்டையே உதாரணமாகக் காட்டியிருக்கிறீர்கள். நடப்பது இன்னதென்று இவ்வளவு துல்லியமாக அறிந்த ஓர் ஆணையத்திடம் சுற்றி வளைக்க வேண்டியதில்லை என்பதால், கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: பயணி பார்க்கும் முதல் திரையில் காட்டப்படும் தொகையும், கடைசியில் அவர் வங்கிக் கணக்கிலிருந்து கழியும் தொகையும் ஒன்றாக இருக்கச் செய்யுங்கள்.

லே எங்களுக்கு அண்டை ஊர் அல்ல. காலமான என் தந்தை ராணுவத்தில் அங்கே பணியாற்றியவர். அந்த ஊரைக் கடிதங்களில் மட்டுமே அறிந்த என் தாயாரின் ஆசைக்காகவே இப்பயணம். பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள் இருப்பதால் மே மாதத்தை விட்டால் எங்களுக்கு வழியில்லை, அந்த மாதத்தில் விமானக் கட்டணம் என்ன நிலையில் இருக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. லேயில் பிற்பகலில் காற்று வலுத்துவிடும் என்பதால் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலைப் பொழுதிலேயே வந்து திரும்பிவிடுகின்றன. தென்கோடியிலிருந்து செல்பவர்கள் முந்தைய நாளே டெல்லி சேர்ந்து இரவை விமான நிலைய நாற்காலியிலோ, பணம் கொடுத்து அறையிலோ கழிக்க வேண்டியிருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் என்பதால், இறங்கியதும் முதல் ஓரிரு நாள்கள் வெளியே அலையாமல் உடம்பைப் பழக்க வேண்டும், முதியவர்கள் இருந்தால் இன்னும் நிதானம் தேவை. நாள்கள் கூடினால் அறை வாடகையும் கார் வாடகையும் கூடும். ஆகவே இத்தகைய பயணத்தை நடுத்தரக் குடும்பம் ஒன்று பல மாதங்களுக்கு முன்பே நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதித்தான் திட்டமிட முடியும். கணக்கெழுத வேண்டுமானால் விலை தெரிய வேண்டும்.

என் நோட்டில் மூன்று வழிகள் எழுதியிருந்தேன். டெல்லி வழியாக நேராக லே செல்வது முதல் வழி. ஸ்ரீநகர் வரை விமானத்தில் சென்று, சோஜி லா கணவாயைக் கடந்து கார்கிலில் ஓர் இரவு தங்கி, 400 கிலோமீட்டருக்கு மேல் காரில் போவது இரண்டாவது. படிப்படியாக ஏறுவதால் தாயாரின் உடம்புக்கும் இதுவே நல்லது என்றார்கள். போகும்போது ஸ்ரீநகர், வரும்போது லேயிலிருந்து நேரே டெல்லி என்பது மூன்றாவது. மூன்றுக்கும் எதிரே தொகை எழுதி, எது கட்டுப்படியாகும் என்று பார்ப்பதுதானே முறை? அந்தச் சாதாரணக் கூட்டல் கணக்கைத்தான் என்னால் போட முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒன்றைச் சொன்னால் மற்றவை யோக்கியம் என்று ஆகிவிடும். தேடியவுடன் ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பெரிய எழுத்தில் வந்தது. ஐந்தால் பெருக்கி நோட்டில் எழுதினேன். அடுத்த பக்கத்தில் அந்தத் தொகை 'சலுகைக் கட்டணம்' என்றும், அதில் பயண நாளை மாற்ற வழியில்லை என்றும், மாற்றிக்கொள்ளும் வசதியோடு கூடியது வேறு விலை என்றும் தெரிந்தது. அதற்கடுத்து இருக்கைகளின் படம் விரிந்தது. என் தாயாருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஓர நடைபாதை இருக்கையில் காலை நீட்டித்தான் உட்கார முடியும், எழுந்து நிற்கப் பக்கத்தில் ஒருவர் கைகொடுக்க வேண்டும். 12 வயது வரையுள்ள குழந்தைகளை ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், பயணிக்கும் பெற்றோருள் ஒருவர் அருகிலாவது அமர்த்த வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது நல்ல செயல். ஆனால் எழுபது கடந்த பெண்ணுக்குத் துணை தேவை என்பது நான் பார்த்த எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. படத்தில் கட்டணமின்றிக் கிடைத்தவை ஒன்றுக்கொன்று தொலைவில் கிடந்த நடு இருக்கைகள். நடைபாதை ஓரமாகவும் அருகருகாகவும் இருந்தவை எல்லாம் விலைப்பட்டியோடு வண்ணம் பூசிக்கொண்டிருந்தன. மதுரை–டெல்லிக்கு ஒரு முறை, டெல்லி–லேக்கு ஒரு முறை, திரும்பும்போது மறுபடியும் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் அதே வசூல். இருக்கை தேர்ந்தெடுக்காமலே மேலே செல்லும் வழியும் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் கிடைக்கும் சாம்பல் நிற எழுத்தில், திரையின் அடியில் அது ஒளிந்திருந்தது. இருக்கைத் தேர்வு, உணவு முதலியவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்க விதி இடம் தருகிறது என்பதை அறிவேன். விரும்பிக் கேட்பவரிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்பதும் அதே விதிதான். முழங்கால் வலியை விருப்பம் என்று எந்த அகராதி சொல்கிறது என்று தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. நான் தொடாத பயணக் காப்பீட்டுப் பெட்டியில் டிக் விழுந்திருந்தது. எடுத்தவுடன், குடும்பத்தின் பாதுகாப்பில் எனக்கு அக்கறை இல்லையா என்று கேட்கும் தொனியில் ஒரு வாசகம் எழுந்தது. 'இந்த விலையில் இன்னும் 2 இருக்கைகளே உள்ளன' என்றது தளம். ஐந்து பேருக்குத் தேடிக்கொண்டிருந்தவனிடம் அதை எந்தக் கணக்கில் சொன்னது என்று விளங்கவில்லை. கடைசியில், பணம் செலுத்தும் பக்கத்தில், அதுவரை எங்குமே கண்ணில் படாத கன்வீனியன்ஸ் ஃபீ என்ற வசதிக் கட்டணம் வந்து உட்கார்ந்தது. நான் செய்யப்போவது ஒரே ஒரு பரிவர்த்தனை; வரப்போவது ஒரே ஒரு ஓ.டி.பி. கட்டணமோ தலைக்கு இவ்வளவு, அதுவும் ஒவ்வொரு கட்டப் பயணத்துக்கும் தனித்தனியாகப் போடப்பட்டிருந்தது. சீட்டை ரத்து செய்தாலும் அந்தத் தொகை திரும்ப வராது என்று கீழே ஒரு வரி. முதல் திரையில் கண்டதற்கும் கடைசித் திரையில் கேட்டதற்கும் இருந்த வித்தியாசத்தில், எங்கள் வீட்டின் இரண்டு மாத மின்கட்டணத்தைச் செலுத்திவிட்டு மீதியும் வைத்திருக்கலாம்.

கூடுதல் பணத்தைவிட எனக்கு ஆற்றாமை தந்தது வேறொன்று. முதல் திரையின் விலை பொய் என்றால், ஒரு நிறுவனத்தை இன்னொன்றோடு ஒப்பிட வழியே இல்லை. ஒவ்வொரு தளத்திலும் ஐந்து பேரின் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் எல்லாவற்றையும் கொடுத்துக் கடைசிப் பக்கம் வரை சென்றால்தான் உண்மை விலை தெரிகிறது. அதைக் குறித்துக்கொண்டு அடுத்த தளத்துக்குச் சென்று திரும்புவதற்குள் முதல் தளத்தில் விலை மாறியிருக்கிறது. முழு விலையை முன்னாலேயே சொல்லும் நேர்மையான நிறுவனம் ஒன்று இருந்தால், தேடல் பட்டியலில் அதுதான் கடைசியில் நிற்கும். குறைத்துக் காட்டியவனே மேலே வருவான். இந்த ஏற்பாட்டில் நேர்மை என்பது நட்டம் தரும் தொழிலாகிவிட்டதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

வாடகைக் காரின் கதையும் இதே ரகம்தான். இரண்டாவது வழிக்காக, ஸ்ரீநகரில் காரை எடுத்து நாமே ஓட்டிச் செல்லும் சேவை ஒன்றில் முன்பணம் கட்டினேன். நாள் வாடகை கவர்ச்சியாகத்தான் இருந்தது. எரிபொருள், கிலோமீட்டர் வரம்பு, காப்புத்தொகை, ஜி.எஸ்.டி. ஆகியவை பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் லடாக்குக்கு வெளியிலிருந்து வரும் வாடகை வண்டியை நுப்ரா பள்ளத்தாக்குக்கோ பாங்காங் ஏரிக்கோ ஓட்டிச் செல்ல உள்ளூர் டாக்சிக்காரர்கள் விடுவதில்லை என்பதையும், நாமே ஓட்டும் வாடகைக் காருக்குரிய கறுப்பு எண் பலகையில் மஞ்சள் எழுத்தைப் பார்த்தாலே நிறுத்திவிடுவார்கள் என்பதையும், லேயில் உள்ள ஓர் ஓட்டுநர் தொலைபேசியில் சொல்லித்தான் அறிந்தேன். அந்த மக்களின் பிழைப்பு அது, குறுகிய கோடைக்காலத்தில் சம்பாதித்தால்தான் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் சோறு. அதில் எனக்கு வருத்தமில்லை. 'லடாக் செல்ல ஏற்ற கார்' என்று விளம்பரம் செய்தே பணம் வாங்கிய நிறுவனம், உள்ளூர்க் கட்டுப்பாடுகளை அறிந்துகொள்வது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று நிபந்தனைகளின் அடியில் எழுதி வைத்திருந்தது. ரத்து செய்ததற்குப் பிடித்தமும் செய்தது. இதற்கு மாறாக, லேயின் டாக்சி சங்கம் இந்த இடத்துக்கு இந்த வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணப் பட்டியல் வைத்திருக்கிறது. தொகை குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் வண்டியில் ஏறுமுன்னே தெரிந்துவிடுகிறது. பெரு நிறுவனங்களின் மென்பொருளுக்கு இயலாதது ஒரு மலையூர் ஓட்டுநர் சங்கத்துக்கு இயல்கிறது.

பெட்டிக்கடையில் விற்கும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில்கூட அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதி. அதை வகுத்ததும் நுகர்வோர் விவகாரத் துறையே. கடைக்காரர் கல்லாவில் நின்றுகொண்டு, பொட்டலத்தைக் கையில் எடுத்ததற்கு ஒரு கட்டணம், பணம் வாங்கியதற்கு ஒரு கட்டணம் என்று கேட்டால் ஊரே சிரிக்கும். ஆய்வாளர் வந்து வழக்கும் போடுவார். அந்த ஆய்வாளரின் கண் பெட்டிக்கடையைத் தாண்டி எங்கும் செல்லாது போலும்.

விலைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1994இல் அரசு விமானக் கழகங்களின் ஏகபோகம் முடிந்தது முதல் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. அது கொள்கை, அதில் நான் தலையிடவில்லை. 2025 டிசம்பரில் விமானங்கள் கூட்டங்கூட்டமாக ரத்தாகி மக்கள் தவித்தபோது விமானப் போக்குவரத்து அமைச்சகம் தற்காலிகமாகக் கட்டண வரம்பு விதித்தது, 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று. அந்த வரம்புகூட, வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் நீங்கலாகவே அறிவிக்கப்பட்டது. ஆள்வோரே முழு விலையைச் சொல்லாதபோது ஆகாய நிறுவனங்கள் எங்கே சொல்லப்போகின்றன! 2025 ஜூனில் தாங்கள், தளங்கள் தம்மைத் தாமே மூன்று மாதங்களுக்குள் தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தினீர்கள். சில தளங்கள் தம்மிடம் அத்தகைய தந்திரம் எதுவும் இல்லை என்று உறுதிமொழியும் தந்தன. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று எங்கள் பக்கத்தில் சொல்வதுண்டு. ஆணையத்தைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை, சொல்ல வைத்துவிடாதீர்கள்.

எழுத எழுதக் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். இயலாததை நான் கேட்கவில்லை. விமானக் கட்டணத்தைக் காட்டும்போதெல்லாம் தவிர்க்க இயலாத வரிகளும் கட்டணங்களும் சேர்ந்த இறுதி விலையையே காட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். ஆஸ்திரேலியாவில் முன்பதிவுக் கட்டணத்தைக் கடைசி நேரத்தில் நுழைத்த இரண்டு விமான நிறுவனங்களுக்கு 2017இல் நீதிமன்றம் லட்சக்கணக்கான டாலர் அபராதம் விதித்தது. இங்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரத்தைத் தங்கள் கையில் கொடுத்திருக்கிறது. முதல் திரையில் காட்டும் அரைகுறை விலை விளம்பரம் இல்லையென்றால் வேறென்ன?

ஆகவே, விமான நிறுவனங்கள், பயணப் பதிவுத் தளங்கள், வாடகைக் கார் நிறுவனங்கள் ஆகிய அனைத்தும், பயணிகளின் எண்ணிக்கையும் தேதியும் கொடுத்தவுடன், கட்டாயம் செலுத்த வேண்டிய ஒவ்வொரு ரூபாயையும் சேர்த்த முழுத் தொகையை முதல் திரையிலேயே காட்ட வேண்டும் என்று அறிவுரையாக இல்லாமல் ஆணையாகவே பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரே பரிவர்த்தனைக்கு ஆள்வாரியாகக் கன்வீனியன்ஸ் ஃபீ வசூலிப்பதை நிறுத்த வேண்டும். முதியவர் ஒருவரைக் குடும்பத்தினர் ஒருவர் அருகில் கட்டணமின்றி அமர்த்துவது குறித்து விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குத் தாங்கள் பரிந்துரைத்தால், அது என் தாயாருக்கு மட்டும் செய்யும் உதவியாக இருக்காது.

தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் (எண் 1915) ஒவ்வொரு பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு புகாரைப் பதிவு செய்துவிட்டேன். நிறுவனத்திடமிருந்து விளக்கம் பெற்று அனுப்புவதோடு நில்லாமல், ஆணையத்தின் முடிவையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். தீபாவளி விடுமுறைக்கான பதிவுகள் தொடங்குவதற்கு முன் அந்த முடிவு வெளிவந்தால், அடுத்து நோட்டும் பேனாவுமாக உட்காரும் குடும்பங்களுக்காவது கணக்கு ஒழுங்காக வரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மதுரையிலிருந்து ஒரு பயணி