ஐப்பசியை நினைத்து வீடு கட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வீட்டு பிளானை நானும் அம்மாவும் நேற்று ராத்திரி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பெங்களூரை விட்டு நம் கொடைக்கானல் மலை மன்னவனூருக்கே வந்து, கரண்ட் கம்பி வராத நம் மேட்டுக்காட்டில் சோலாரை நம்பிக் குடியிருக்கப் போகிறாய் என்பதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அது சித்திரை வெயிலுக்குப் போட்ட பிளான். இங்கே ஐப்பசி, கார்த்திகையை நினைத்துத்தான் கட்ட வேண்டும்.

தோட்டத்து வீட்டுக்கு 1 கிலோவாட் பேனல் போட்டோமே, பொருத்த வந்தவர் ஒரு நாளைக்கு 4 யூனிட் வரும் என்றார், வெயில் நாளில் வரவும் செய்தது, குளிரில் பேனல் இன்னும் நன்றாகவே வேலை செய்யும். அப்புறம் கார்த்திகையில் எதிரே நிற்கிற மரம் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியது. நாலு நாள். ஒரு நாளைக்கு ஒரு யூனிட்கூடத் தேறவில்லை. அவர் வைத்துப்போனதோ ஒரு ராத்திரி தாங்குகிற பேட்டரி. லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று தெரியாமல் அடிவரை இழுத்து, இரண்டே வருஷத்தில் அது போய்விட்டது. நீ லித்தியம் வாங்கு, மூன்று நாள் தாங்குகிற மாதிரி வாங்கு, ஆனால் வெளி ஷெட்டில் வைக்காதே. தை மாதம் சில விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் அது கெட்டுவிடும்.

இரண்டு பாத்ரூமிலும் கீசர் போட்டிருக்கிறாய். வேண்டாம் பாப்பா. 2000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட் போச்சு, அந்த ஒரு யூனிட்டில் 9 வாட் பல்பு 100 மணி நேரத்துக்கு மேல் எரியும். வெந்நீருக்கு விறகு பாய்லர் போதும்.

ஏரி தெரியட்டும் என்று வடக்கே பெரிய கண்ணாடி கேட்டிருக்கிறாய், ஆசை புரிகிறது, சின்னதாக வைத்துக்கொள். பெரிய ஜன்னல் தெற்கே இருக்கட்டும். மார்கழி, தையில் வெயில் தெற்கே சாய்ந்து வரும், பகலெல்லாம் அதை வாங்கிய தடித்த சுவர் ராத்திரி சூட்டை விடும். தாத்தா கட்டிய அடுப்படியில், பூண்டு கட்டித் தொங்கவிட்ட பரணுக்குக் கீழே, அந்த ஒன்றரை அடி மண் சுவரில் விடிகாலையில் கை வைத்துப் பார், இன்றைக்கும் இளஞ்சூடாக இருக்கும். ஹீட்டரே வேண்டாத வீடு என்றால் பேனலும் பேட்டரியும் பாதி போதும். காசை முதலில் சுவரில் போடு.

வருகிற மார்கழியில் ஒரு வாரம் லீவு போட்டு வா. தெற்கு வரப்புத் தைல மரங்களின் நிழல் அப்போதுதான் மிக நீளமாக விழும். ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் பட்டாலே வரிசை முழுக்க மின்சாரம் குறைந்துவிடும். காலை எட்டு மணியிலிருந்து நிழல் போகிற இடமெல்லாம் நாம் இரண்டு பேரும் குச்சி நட்டுக்கொண்டே வருவோம், கூரை எங்கே வர வேண்டும் என்பதை அப்புறம் முடிவு செய்வோம். அதுவரை இன்ஜினியரிடம் சரி சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா