விளம்பர ஏஜென்சியில முதல் வருசம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புப் பிள்ளைக்கு,

நீ அனுப்பின நீண்ட மெசேஜை ஆறுதலாய் வாசிச்சன். வேலையை விடுறதோ இருக்கிறதோ எண்ட கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளி வை. தமிழ் கடைசியா வாறது, முடியாத திருத்தங்கள், வளர்ச்சி இல்லாதது எண்டு நீ எழுதின எரிச்சல்களைப் பார்த்தால், அரைவாசிக்கு மேல, தமிழ் எழுதுற உன்ர மேசைக்கு வேலை வந்து சேருற ஒழுங்கில இருந்துதான் வருது. அந்த ஒழுங்கைக் கீழ இருக்கிற ஆளும் கொஞ்சம் மாத்தலாம்.

தமிழ் ஏன் எப்பவும் கடைசியா வருது எண்டு கேட்டிருந்தாய். இங்கிலீசில தலைப்பை எழுதி, அதுக்கேத்த மாதிரி டிசைனைச் செய்து, கிளையன்ற் ஓம் எண்ட பிறகுதான் தமிழை அந்தப் பெட்டிக்குள்ள அடைக்கினம். தமிழ் அகலம் கேக்கும். கீயின்ர சுழி மேல, கூவின்ர வால் கீழ எண்டு வரிகளுக்கு நடுவிலயும் கூட இடம் வேணும். இடம் காணாட்டி டிசைனர் எழுத்தை நெரிப்பார், இல்லாட்டிச் சின்னனாக்குவார். கடைசியில "தமிழ் வடிவில்லை" எண்ட பேச்சு உனக்கு.

ஆனபடியால் கிளையன்ற் ஒப்புதல் குடுக்க முந்தியே, இங்கிலீஸ் டிராஃப்ற் வந்த அண்டைக்கே, தலைப்புக்குத் தமிழ் ரெண்டு எழுதிக் குடு: ஒண்டு கட்டை, ஒண்டு நீட்டு. வரி எங்க உடையலாம் எண்டு சாய்கோடு போட்டுக் காட்டு. அதைச் சொல்லாட்டி "வாடிக்கையா" ஒரு வரியிலயும் "ளர்" அடுத்த வரியிலயும் நிக்கும். சமூக ஊடகத்துக்கு 1080க்கு 1080 பிக்சல் போஸ்ற் எண்டால் கொம்பியூட்டர் திரையில பார்த்து ஓம் சொல்லாதை, உன்ர போனுக்கு எடுத்துக் கையை நீட்டிப் பிடிச்சு வாசி. பத்திரிகைக்குப் போறதெண்டால் கறுப்புப் பின்னணியில சின்ன வெள்ளை எழுத்தை விடாதை. பேப்பரில மை பரவி ண, ஐ போன்ற எழுத்துகளின்ர சுழி அடைபட்டுப் போகும்.

எழுத்து உடையிறதுக்குக் காரணம் பெரும்பாலும் ரெண்டுதான். பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சதை யூனிகோட் எழுத்துருவுக்குள்ள ஒட்டினால் முழுக்க இங்கிலீஸ் எழுத்தாய் நிக்கும். முதல் அதை யூனிகோடுக்கு மாத்த வேணும். மற்றது, யூனிகோடில சரியாய் அடிச்சும் டிசைன் மென்பொருள் தமிழைக் கோக்கத் தெரியாமல் ஒற்றைக்கொம்பை எழுத்துக்குப் பின்னால கொண்டுபோய் வைக்கிறது. இன்டிசைன் எண்ட பக்க வடிவமைப்பு மென்பொருளில அதுக்கு வேர்ல்ட் ரெடி பரகிராஃப் கம்போசர் எண்ட அமைப்பைத் தெரிவு செய்ய வேணும். டிசைனர் சிங்களப் பிள்ளையாய் இருந்தால் கொம்பு இடம் மாறினது அவருக்குத் தெரியாது. அதில குறை பிடிக்காமல் ஒருக்காப் பக்கத்தில இருந்து காட்டிக் குடு. கடைசி பி.டி.எஃப் வந்த பிறகு உன்ர மூலத்தோட ஒப்பிட்டுக் கடைசிச் சொல்லில இருந்து முன்னுக்கு வாசி. கருத்தோட வாசிச்சால் கண் பிழையைத் தாண்டிப் போயிடும். விலை, திகதி, தொலைபேசி இலக்கம், அடியில கிடக்கிற நிபந்தனை வரி எல்லாத்தையும் தனியா ஒருக்காப் பார்.

திருத்தத்துக்கு மேல திருத்தம் எண்டுறது வேற கதை. வேலை தொடங்க முதல் நீ விளங்கிக்கொண்டதை அஞ்சு வரியில மெயில் போடு: ஆருக்கு, என்ன சொல்லுறது, எந்த அளவுகள், எப்ப வேணும், கடைசி ஒப்புதல் ஆரிட்டை. போனிலயோ வட்ஸ்அப்பிலயோ சொன்ன மாற்றத்தையும் "நீங்கள் சொன்னபடி இதை மாத்திறன்" எண்டு மெயிலில பதி. ஃபைலுக்கு "ஃபைனல்", "புது ஃபைனல்" எண்டு பேர் வையாதை, திகதியும் 01, 02 எண்ட இலக்கமும் காணும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில காரணத்தை எழுது: எங்கட பிழையோ, கிளையன்ற் மனம் மாறினதோ, விலை முதலே முடிவாகாததோ. ரெண்டு மூண்டு மாசத்தில அந்தத் தாள், நீ வாய் திறக்காமலே, பிழை எங்க இருக்கெண்டு சொல்லும்.

வளர்ச்சி எண்டு கேட்டாய். அங்க இருக்கிறவைக்குத் தெரியாத ஒண்டு உனக்குத் தெரியும். நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேறினால் இஞ்ச கனக்க வீடுகளில மச்சம் மாமிசம் இல்லை. அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்துக்குக் கோழிப் பிரியாணி பனர் அனுப்பினால் காசு வீண், பேரும் கெடும். ஆடி, ஆவணித் திட்டம் போட முதல், ஆனியிலயே இதை ஒரு பக்கமாய் எழுதிக் குடு. கந்தசஷ்டி ஆறு நாளையும் சேர்.

கணக்கும் பழகு. விளம்பரம் 40,000 தரம் காட்டுப்பட்டு 600 கிளிக் வந்தால் நூற்றுக்கு 1.5. ஒரே படத்துக்கு ரெண்டு தமிழ்த் தலைப்புப் போட்டு எதுக்குக் கூட வருதெண்டு பார்க்கலாமோ எண்டு கேள். கூகிளின்ர ஸ்கில்ஷொப் எண்ட பயிற்சித் தளத்தில விளம்பரப் பாடங்கள் இலவசம். சோதனையில 80 புள்ளி எடுத்தால் ஒரு வருசத்துக்குச் செல்லுற சான்றிதழ் தருவினம். அது மட்டும் வேலை எடுத்துத் தராது, ஆனா கூட்டத்தில அவை பாவிக்கிற சொல்லுகள் விளங்கும்.

மேலாளரோட கதைக்கிறதெண்டால் வெள்ளி பின்னேரம் வேண்டாம். செவ்வாய், புதனில 20 நிமிசம் கேட்டு எடு. "எனக்கு வளர்ச்சி இல்லை" எண்டால் அவர் "பாப்பம்" எண்டிடுவார். திருத்தத் தாளைக் காட்டி, "அடுத்த மூண்டு வேலைக்கு, கிளையன்ற் தேவையைச் சொல்லுற பிரீஃப் கூட்டத்தில நானும் இருக்கிறன், திருத்தம் குறையுதோ எண்டு பாப்பம்" எண்டு கேள். மறுக்கிறது கஷ்டமான கேள்வி அது.

சம்பளச் சீட்டையும் பார். அடிப்படைச் சம்பளம் 60,000 எண்டால் ஈ.பி.எஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) உன்ர 8 வீதம் 4,800, ஏஜென்சியின்ர 12 வீதம் 7,200, ஈ.ரி.எஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) ஏஜென்சியே கட்டுற 3 வீதம் 1,800, அதை உன்னிட்டை வெட்டக் கூடாது. தகுதிகாண் காலம் எண்டு சொல்லி இதை நிப்பாட்டேலாது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி கிழமைக்கு 45 மணித்தியாலம். பதவிக்கு "எக்செகியூட்டிவ்" எண்டு பேர் வைச்சு ஓ.ரி. (மேலதிக நேரக் காசு) இல்லை எண்டுற இடங்களும் இருக்கு. நியமனக் கடிதத்தில என்ன கிடக்கெண்டு வாசி. சந்தேகம் எண்டால் நாரஹேன்பிட்டியில தொழில் திணைக்களம் இருக்கு.

இவ்வளவையும் ஆறு மாசம் செய்தும் கூட்டத்துக்குள்ள விடேல்லையெண்டால் வேற இடம் தேடு, நான் மறிக்க மாட்டன். மற்ற இடத்துக் கடிதம் கைக்கு வரும்வரைக்கும் இஞ்ச ராஜினாமாக் குடாதை. காட்டுறதுக்கு வெளியான வேலைகளை மட்டும் சேர். வெளிவராத கிளையன்ற் வேலையைக் காட்டினால் புது இடத்து ஆக்களே உன்னை நம்பாயினம்.

முதல் அந்த அஞ்சு வரி மெயிலைத் தொடங்கு. எழுதினதை அனுப்ப முந்தி எனக்கும் ஒருக்காக் காட்டு.

அப்பா
யாழ்ப்பாணம்