ரீல் சிக்கவில்லை, அம்மிணி

கோபி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ போன தடவை கொண்டுவந்த தைலம் தீர்ந்துவிட்டது, தீபாவளிக்கு வரும்போது இரண்டு பாட்டில் வாங்கிவரச் சொன்னாள்.

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தாய். ஜெட் லீ நடித்த 'ஃபிஸ்ட் ஆஃப் லெஜண்ட்' பார்த்தேன், உங்க ப்ரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யைவிட எவ்வளவோ மேல் என்று. நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். மூன்று நாள் இருந்தது. அப்புறம் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு டிவியில் அந்தப் படத்தைப் போடச் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் மதியம் இன்னொரு தடவை. இதையெல்லாம் ஃபோனில் விரலால் தட்டிக்கொண்டிருக்க என்னால் ஆகாது, அதனால்தான் காகிதம்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். சண்டையில் உன் படம்தான் ஒசத்தி. ஜெட் லீ சின்ன வயசிலிருந்தே வூஷூ என்கிற சீனச் சண்டைக் கலையைப் பழகி சீன தேசியப் போட்டிகளில் பட்டம் வாங்கியவர். 1974-ல், பதினோரு வயதுப் பையனாக, அமெரிக்க வெள்ளை மாளிகையில் நிக்சன் முன்னால் வித்தை காட்டியிருக்கிறார். சண்டை அமைத்தவர் யுவென் வூ-பிங். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவரை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டு 'மேட்ரிக்ஸ்' படச் சண்டையை அமைக்கச் சொன்னார்கள். 1994-ல் எடுத்த படம், இன்றைக்கும் ஒரு அடிகூடப் பழசாகத் தெரியவில்லை. யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கை எந்தக் கையைத் தட்டிவிடுகிறது என்று கண்ணுக்குப் புரிகிறது. ப்ரூஸ் லீ படத்தில் அப்படி இல்லை. அவர் அடித்தால் எதிராளி விழுகிறான், அவ்வளவுதான். எப்படி அடித்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆபரேட்டர் ரூமிலிருந்து எட்டிப் பார்த்த எனக்கே தெரியாது.

உனக்கு அந்தக் கதையை நான் முழுசாகச் சொன்னதில்லை. 1982 வாக்கில் நம்ம ஊர்த் தியேட்டரில் ஆபரேட்டருக்கு எடுபிடியாக இருந்தேன். பதினேழு வயசு. ஓடி முடித்த ரீலைத் திருப்பிச் சுற்றி வைப்பது, கார்பன் குச்சி தேய்ந்தால் எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள். சைனாக்காரன் படமும் இங்கிலீஷ் படக் கணக்கில்தான் சேரும். 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' ஹாங்காங்கில் 1972-லேயே வந்துவிட்டது. எங்களுக்குப் பெட்டி வந்தது பத்து வருஷம் கழித்து. எத்தனை ஊர் சுற்றியதோ, ரீல் முழுக்கக் கோடு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ஒட்டு. ப்ரூஸ் லீ 1973-லேயே, 32 வயசில், செத்துப்போயிருந்தார். அது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் நம்பவில்லை.

முதல் காட்சி. கடைசி ரீல். போலீஸ்காரர்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள், ப்ரூஸ் லீ கத்திக்கொண்டே ஓடி வந்து அவர்களை நோக்கி எகிறுகிறார், படம் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கார்பன் வெளிச்சத்தின் சூடு சும்மா இல்லை. ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஃபிலிம் பிழைக்கும். சிக்கி நின்றால் கண்மூடித் திறப்பதற்குள் திரையின் நடுவில் பழுப்பாக ஒரு கொப்புளம் கிளம்பி உருகிவிடும். ஆபரேட்டர் பீடி பற்றவைக்க வெளியே போயிருந்தார். நான் பாய்ந்து, வெளிச்சத்தை மறைக்கிற தகட்டை இறக்கிவிட்டேன்.

தியேட்டர் இருண்டது. அந்த இருட்டில் துப்பாக்கி வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சிக்கவே இல்லை, அம்மிணி. படமே அப்படித்தான். ஒரே ஃபிரேமைத் திரும்பத் திரும்ப அச்சடித்து ஆளை அந்தரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கீழே விசில், கத்தல், என்னைப் பெற்றவர்களைப் பற்றி விசாரணை. ஆபரேட்டர் ஓடிவந்து என் மண்டையில் ஒரு குட்டு வைத்தார். "மெஷின் சத்தம் கேக்கலையாடா? படம் நின்னா சத்தம் மாறும்டா" என்றார். அன்றைக்குப் படம் பார்த்த கோபிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கடைசிக் காட்சி இல்லாமல் செய்தது உன் அப்பன்தான்.

அதனால் இந்தப் படத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் ஒரே கதை. ஷாங்காயில் ஜிங்வூ என்ற சண்டைப் பள்ளி. அதன் வாத்தியார் ஹுவோ யுவான்ஜியா. நிஜ மனிதர், 1910-ல் இறந்தார், விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊர்ப் பேச்சு உண்டு. அவருடைய சிஷ்யன் சென் ஜென் மட்டும் கதைக்காகக் கற்பனையாக உண்டாக்கின ஆள். வாத்தியார் செத்துவிட்டார், சிஷ்யன் வருகிறான், ஜப்பான்காரர்கள்தான் காரணம் என்று கண்டுபிடிக்கிறான், பழி வாங்குகிறான். ஆனால் இரண்டு சிஷ்யன்களும் ஒரே ஆள் இல்லை.

உன் ஜெட் லீ யோசிக்கிறவன். ஜப்பானில் படித்தவன். வாத்தியாரைத் தோற்கடித்ததாகச் சொல்லிக்கொள்கிறவனோடு மோதிப் பார்த்து, இவ்வளவு சாதாரண ஆளிடம் எங்கள் வாத்தியார் தோற்றிருக்க முடியாது என்று கணக்குப் போடுகிறான். உடனே பிணத்தைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்கிறான். போலீஸ் இன்ஸ்பெக்டர் மாதிரி. ப்ரூஸ் லீ என்ன செய்தார் தெரியுமா? மழையில் ஓடி வந்து வாத்தியாரின் குழிக்குள் குதித்து, பெட்டிமேல் விழுந்து அழுது, விடமாட்டேன் என்கிறார். மண்வெட்டியால் தலையில் அடித்து மயங்க வைத்துத்தான் வெளியே தூக்குகிறார்கள். நம்ம ஊர் எழவு வீட்டில் பார்க்காததா? உங்க தாத்தா போனபோது உன் சித்தப்பாவை நாலு பேர் பிடித்தது ஞாபகம் இருக்கும்.

ஜப்பான்காரர்களை மனிதர்களாகக் காட்டியிருக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். உண்மை. அந்தப் பெண் மிட்சுகோ, அப்புறம் அந்தப் பெரியவர் ஃபுனாகோஷி. எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்தான். காற்றடிக்கிற வெளியில் இரண்டு பேரும் மோதுகிறார்கள், சென் கண்ணில் மண் விழுந்து பார்வை மறைக்கிறது. உடனே பெரியவர் தன் கண்ணையும் கட்டிக்கொள்கிறார். இரண்டு குருடர்கள் மாதிரி காதை வைத்துக்கொண்டே அடித்துக்கொள்கிறார்கள். எதிரியைக் கொல்லத்தான் வேண்டுமென்றால் துப்பாக்கி இருக்கிறதே, வித்தை அதற்கில்லை என்கிற மாதிரி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறார். கராத்தேயை ஒகினாவாவிலிருந்து ஜப்பான் பெரிய ஊர்களுக்குக் கொண்டுபோன ஆசான் பெயரும் ஃபுனாகோஷிதான். மரியாதைக்கு வைத்திருப்பார்கள். பழைய படத்தில் இப்படி ஒரு ஜப்பான்காரரைத் தேடினாலும் கிடைக்காது. எல்லாம் மீசை, சிரிப்பு, சாராயம். போதாக்குறைக்குக் காட்டிக்கொடுக்கிற ஒரு சைனாக்கார துபாஷி. ப்ரூஸ் லீ ரிக்‌ஷாக்காரன் வேஷத்தில் வந்து, அந்த ஆள் உட்கார்ந்திருக்கும்போதே வண்டியை அப்படியே தூக்குவார். தியேட்டர் கூரை பிய்ந்துவிடும். டெலிபோன் ரிப்பேர்க்காரன் வேஷமும் உண்டு, அது எனக்கே இப்போது பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது.

ஆனால் ஒரு காட்சி இருக்கிறது. உன் படத்தில் அது இல்லவே இல்லை, அதை எடுத்துவிட்டு இந்தக் கதையை எப்படி எடுத்தார்கள் என்று எனக்கு ஆறவில்லை. பார்க் வாசல். நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை என்று பலகை. ப்ரூஸ் லீ உள்ளே போகப் பார்க்கிறார், வாசல்காரன் தடுத்துப் பலகையைக் காட்டுகிறான். அதே நேரம் ஒரு வெள்ளைக்காரி நாயோடு உள்ளே போகிறாள். அந்த வாசல்காரன் யார் என்று கவனித்தாயா? தலைப்பாகை கட்டிய சீக்கியன். நம்ம நாட்டு ஆள். ஷாங்காயில் வெள்ளைக்காரன் தன் பகுதிக்குக் காவல் காக்க இந்தியாவிலிருந்து சீக்கியர்களைப் போலீஸாகக் கொண்டுபோனது சரித்திரம். அந்தப் பூங்காவும் நிஜம்தான், 1928 வரைக்கும் சீனர்களை உள்ளே விடவில்லை. பலகையில் அதே வார்த்தை அப்படியே இருந்ததில்லை. வெளிநாட்டவர்க்கு மட்டும் என்று ஒரு விதி, நாய் கூடாது என்று வேறொரு விதி. ஊர்ப் பேச்சில் இரண்டும் ஒரு வரியாகிவிட்டது, சினிமாக்காரர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

தலைப்பாகையைப் பார்த்ததும் தரை டிக்கெட்டில் சிலர் "டேய் நம்மாளு" என்று சிரித்தார்கள். அப்புறம் அவன் கை பலகைப் பக்கம் போனதும் சிரிப்பு நின்றது. நாம் அந்தப் படத்தில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அந்த ஒரு நொடியை நான் மேலே இருந்து அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்புறம் ப்ரூஸ் லீ எகிறிப் பலகையை உதைத்துத் தூளாக்கினார், விசில் பறந்தது, எல்லோரும் மறுபடியும் அவர் பக்கம் ஆகிவிட்டார்கள்.

உன் படம் நியாயமான படம். 22 வருஷம் கழித்து எடுத்ததால் அவர்களால் நியாயமாக இருக்க முடிந்தது. பழைய படம் எடுத்தவர்களுக்குக் காயம் ஆறியிருக்கவில்லை. ஆறாதவனிடம் போய் நியாயம் கேட்டால் கிடைக்காது, ஆனால் அவன் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். மொழி தெரியாத எங்கள் ஊருக்கே கேட்டது. அடுத்த வாரமே ஊரில் மண்வெட்டிப் பிடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டாக அறுத்து, நாய்ச் சங்கிலி கோர்த்து, எல்லாப் பையன்களும் படத்தில் ப்ரூஸ் லீ சுற்றுகிற மாதிரி நன்சாக் சுற்றினார்கள். உன் சித்தப்பாவின் முன்பல் பாதி இல்லாததற்கு மாடு முட்டியது என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறோம். மாடு இல்லை.

முடிவைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். உன் படத்தில் சென் சாகவில்லை. ஜப்பான் தூதரே வேறொரு பிணத்தைக் காட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட, அவன் வண்டியேறி மஞ்சூரியாவுக்குப் போகிறான். முதல் தடவை பார்த்தபோது தூ என்று இருந்தது. துப்பாக்கி வரிசையைப் பார்த்து எகிறினவனை வண்டியில் ஏற்றி அனுப்புவதா? பதினேழு வயசுப் பையனாக இருந்தால் திரையில் கல்லை விட்டிருப்பேன்.

மறுநாள் மதியம் இரண்டாம் தடவை பார்த்தேன் என்றேன் இல்லையா, அது இந்த முடிவுக்காகத்தான். உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பியதும், "பொழச்சுப் போகட்டும், எங்கியோ நல்லா இருந்தாச் சரி" என்றாள். அவளுக்குக் கதை முன்னும் தெரியாது பின்னும் தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. பழைய படத்தில் அவர் எகிறும்போது அவரைப் பெற்றவர்கள் எங்கே இருப்பார்கள் என்று இந்த நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் நினைத்ததில்லை.

ஆகவே நீ சொன்னது தப்பில்லை. எது நல்ல படம் என்று கேட்டால் உன்னுடையது. எதைத் திரும்பப் போடட்டும் என்று கேட்டால் என்னுடையது. அதற்குமேல் என்னால் இறங்கிவர முடியாது.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. அந்த வாரம் பெட்டி கட்டும்போது கடைசி ரீலின் வால் கிழிந்திருந்தது. ஆபரேட்டர் வெட்டி ஒட்டும்போது விழுந்த துண்டை, குட்டு வைத்ததற்குப் பரிகாரமோ என்னவோ, எனக்குக் கொடுத்தார். மூன்று ஃபிரேம். கலரெல்லாம் போய்ச் சிவந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார், மூன்றிலும் ஒரே மாதிரி அந்தரத்தில் நிற்பார்.

இன்னொன்று. போன மாதம் நீச்சல் குளத்தில் எடுத்த போட்டோ அனுப்பியிருந்தாயே, கோலாலம்பூரில் பெட்டாலிங் தெருவுக்குப் பக்கத்துக் குன்றுமேல் இருக்கிறது என்று. பின்னால் சுவரில் 'சின் வூ' என்று போட்டிருந்தது. அது இந்த ஜிங்வூதான் அம்மிணி, அங்கே எழுதுவது அப்படி. ஷாங்காய்ப் பள்ளியின் கிளையை அங்கே 1921-லேயே ஆரம்பித்திருக்கிறார்கள், நீ நீந்துகிற அந்த ஸ்டேடியம் 1953-ல் திறந்தது. நீ வாரா வாரம் படத்தில் வருகிற ப்ரூஸ் லீயின் வாத்தியார் வீட்டுக்குத்தான் துண்டை எடுத்துக்கொண்டு போய்வந்துகொண்டிருக்கிறாய். அடுத்த தடவை போகும்போது அப்படியே உள்ளேயும் ஒரு சுற்றுப் போய், வாத்தியார் படம் எங்காவது மாட்டியிருக்கிறார்களா என்று பார். இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஈரத்தோடு போகாதே, தலையைத் துவட்டிக்கொண்டு போ.

அப்பா