அந்த 25 பெண்களைப் பற்றி ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறைந்த பெரியவர்களின் அந்தரங்கத்தைக் கிளறுவது தவறு என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ழான் வானியேயின் பெயரைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

என் தம்பி அறிவுசார் குறைபாடு உள்ளவன். அம்மா போன பிறகு என்னோடுதான் இருக்கிறான். 1964-இல் பிரான்ஸில் ஒரு கிராமத்தில், காப்பகத்தில் கிடந்த, அவனைப் போன்ற இருவரை அழைத்துவந்து ஒரே வீட்டில், ஒரே மேசையில் வாழத் தொடங்கியவர் வானியே. அதுதான் ‘லார்ஷ்’ இயக்கமாக வளர்ந்தது. நம் சென்னையின் ஆஷா நிகேதனும் அந்தக் குடும்பம்தான். பெற்றோர் கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்லாமல் நான் பேசியதே இல்லை. 2019 மே மாதம் அவர் இறந்தபோது அழுதேன்.

அடுத்த பிப்ரவரியில் லார்ஷே ஏற்பாடு செய்த விசாரணையின் முடிவு வந்தது. ஆன்மிக வழிகாட்டல் தேடி வந்த 6 பெண்களிடம் அவர் பாலியல் ரீதியாக அத்துமீறியிருக்கிறார். 2023-இல் வந்த பெரிய அறிக்கையில் அந்த எண்ணிக்கை குறைந்தது 25. அவர்களில் யாருக்கும் குறைபாடு இல்லை என்று படித்ததும் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அந்தப் பெண்களும் யாரோ ஒருவருக்கு அக்கா, தங்கைதானே?

கட்டுரையாளர் இதைச் ‘சறுக்கல்’ என்கிறார். பல பத்தாண்டுகள் நீடித்ததைச் சறுக்கல் என்று எப்படிச் சொல்வது? வானியேயின் குருவான பாதிரியார் தோமா ஃபிலிப்பை இதே போன்ற செயலுக்காக 1956-லேயே திருச்சபை தண்டித்தது. வானியேவுக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும், 2015-இல் தனக்கு எதுவும் தெரியாது என்ற தொனியில் எழுதினார். அப்புறம், சேவையைத் தனியாகவும் தவறைத் தனியாகவும் பார்க்கச் சொல்கிறார் கட்டுரையாளர். அந்தச் சேவை தந்த புனிதப் பெயரை நம்பித்தானே அந்தப் பெண்கள் அவரிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசப் போனார்கள்?

லார்ஷ் வீடுகள் மூடப்படவில்லை. சமைத்து, குளிப்பாட்டி, இரவில் கூடவே விழித்திருப்பவர்கள் அவற்றை நடத்துகிறார்கள். தங்கள் நிறுவனரைப் பற்றிய உண்மையைத் தாங்களே வெளியே சொன்னவர்களும் அவர்கள்தான். நான் இப்போது கூட்டங்களில் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இரண்டு பக்கக் கட்டுரையில் அந்த 25 பேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழிலாவது அதைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாம்பரம்